தண்ணீர்க் குழாயை மின்கருவியோடு இணைப்பது எப்படி? வெப்பமும் மின்சாரமும் சேர்ந்த ஒரு பாடம்

"ஈரக் கையால சுவிட்சைத் தொடாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உயர் மின்னழுத்தக் கருவிகள் சிலவற்றுக்குள் தண்ணீர்தான் ஓடுகிறது. "ஷாக் அடிக்காதா, சார்?" என்று மாணவர் கேட்டால், படிவம் 4 வெப்பத்தையும் படிவம் 5 மின்சாரத்தையும் சேர்த்துப் பதில் சொல்லலாம்.

பக்கத்து எடுத்துக்காட்டு

செபராங் ஜெயாவிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால், சுங்கை பட்டாணியைத் தாண்டி கெடாவின் குரூண் வரும். அங்குள்ள மின்மாற்று நிலையம், 300 கிலோவோல்ட் நேர் மின்னோட்டத் தடத்தால் தாய்லாந்தோடு இணைந்துள்ளது. அதன் திறன் 300 மெகாவாட். இத்தகைய நிலையங்களில் மின்னோட்டத்தை மாற்றும் தைரிஸ்டர்கள் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டை எடுத்துச் செல்வது தண்ணீர்.

ஏன் தண்ணீர்?

அதன் தன்வெப்பக் கொள்ளளவு அதிகம்: 1 கிலோகிராமுக்கு 1 பாகை செல்சியஸ் உயர 4200 ஜூல் வேண்டும். ஒரு கருவி 21 கிலோவாட் வெப்பத்தை வெளியிடுகிறது, நீரின் வெப்பநிலை 5 பாகை மட்டுமே உயரலாம் என்று வைத்துக்கொள்வோம்.

21,000 ÷ (4200 × 5) = 1

வினாடிக்கு 1 கிலோகிராம், அதாவது சுமார் 1 லிட்டர் போதும்.

ஏன் ஷாக் இல்லை?

நீரில் மின்சாரத்தைப் பெரிதும் கடத்துவது அதில் கரைந்துள்ள அயனிகள். குழாய்த் தண்ணீரின் மின்தடை எண் 20 ஓம் மீட்டர், அயனி நீக்கிய நீருக்கு 1,00,000 ஓம் மீட்டர் என்று கொள்வோம். 1 மீட்டர் நீளமும் 1 சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள ஹோஸில் 1000 வோல்ட் கொடுத்தால், முதலாவதில் 5 மில்லியாம்பியர் ஓடும். இரண்டாவதில் 1 மைக்ரோஆம்பியர்தான்.

இணைக்கும்போது கவனிப்பவை

1. மின்னழுத்தமுள்ள உலோகத்துக்கும் புவித்தொடுப்புள்ள உலோகக் குழாய்க்கும் நடுவே மின்காப்புள்ள ஹோஸ் வேண்டும். அதன் நீளத்தை இரு மடங்காக்கினால் கசியும் மின்னோட்டம் பாதியாகும்.
2. சுத்தமான நீரும் ஓட ஓட உலோகத்திலிருந்து அயனிகளைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஒரு பகுதி நீர் எப்போதும் அயனி நீக்கும் பிசின் வழியாகப் போகிறது. கடத்துதிறன் கூடினால் எச்சரிக்கை ஒலிக்கும்.
3. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே நீர்ச்சுற்றில் கலந்தால் அரிமானம் வரலாம்.
4. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். உள்ளே வரும் நீர் மிகவும் குளிர்ந்தால் ஐஸ் தண்ணீர்க் குவளை மாதிரி குழாய் வெளியே வியர்க்கும். அந்தத் துளிகள் சுத்த நீராக நிற்காது. தூசியோடு கலந்து மின்சாரம் கடத்தும்.

வகுப்பில் சொல்ல வேண்டியது

"தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது" என்ற முடிவோடு மாணவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. குழாய்த் தண்ணீர், போத்தல் தண்ணீர், வியர்வை எல்லாவற்றிலும் அயனிகள் உண்டு. ஈரக் கை ஆபத்துதான்.

பயிற்சி: மேலுள்ள ஹோஸின் நீளம் 2 மீட்டர், உள்ளே குழாய்த் தண்ணீர் எனில் 1000 வோல்ட்டில் மின்னோட்டம் எவ்வளவு?

விடை: மின்தடை 4,00,000 ஓம், மின்னோட்டம் 2.5 மில்லியாம்பியர்.