தூண்டில் முள்ளும் ஒரு சரக்குதான்



மளிகைக் கடையில் தூண்டில் முள்ளுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மரக்காணம் பகுதியில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பக்கிங்காம் கால்வாயிலும் எடையன்திட்டு முகத்துவாரத்திலும் தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக் குழம்புக்கு நாலு மீன் கிடைத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் முள்ளும் நரம்பும் கேட்டு வருவது நம் கடைக்குத்தான்.

விலை குறைந்த சரக்குதானே என்று அலட்சியமாகக் கொள்முதல் செய்து நானே நஷ்டப்பட்டிருக்கிறேன். ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர் மலிவாகக் கொடுத்தார் என்று பெட்டி பெட்டியாக முள் எடுத்தேன். பாதிக்கு மேல் பெரிய முள். அத்தனையும் பழுப்பு நிறப் பூச்சு. உப்பு மூட்டைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்ததில், மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் துருப்பிடித்துவிட்டது. அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முள்ளின் எண்

எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதை முதலில் மனதில் கொள்ளவேண்டும். 12 என்பது 8-ஐவிடச் சிறியது. 1-ஆம் எண்ணைத் தாண்டினால் 1/0, 2/0, 3/0 என்று முள் பெருத்துக்கொண்டே போகும். 2-ஆம் எண் கேட்டவருக்கு 2/0 கொடுத்தால் சரக்கு திரும்பி வரும். கம்பெனிக்குக் கம்பெனி அளவில் சிறிது வித்தியாசம் உண்டு. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் முள்ளைக் கையில் எடுத்துக் காட்டி விற்பது நல்லது.

பழுப்புப் பூச்சு முள் ஏரிக்கும் குளத்துக்கும் போதும். உப்புத் தண்ணீருக்கு வெள்ளீயம் பூசிய வெள்ளை முள்தான் தாங்கும். எதுவானாலும் மூடியுள்ள டப்பாவில், உப்பு இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும்.

எந்த மீனுக்கு எது?

சட்டியில் முழுதாகப் போட்டு வறுக்கும் அளவு மீனைத்தான் நம் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தேடுகிறார்கள். கிழங்கானுக்கு வாய் சிறியது, தரையோடு மேயும். 8 முதல் 12 வரை உள்ள முள், ஒரு சிறு ஈயக்குண்டு, இரையாகப் புழு அல்லது இறால் துண்டு போதும். சிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்று அது இல்லாத ஏரி அபூர்வம். அதற்கு 10 அல்லது 12-ஆம் எண் முள், தக்கை, மண்புழு அல்லது மாவு உருண்டை. மடவை சேற்றையும் பாசியையும் மேய்வது. தூண்டிலில் அபூர்வமாகவே விழும். மடவைக்கு முள் கேட்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை போனாலும் ஆள் நம் கடையை விடமாட்டார்.

செயற்கை இரை

இப்போது இளைஞர்கள் ஜிக் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். முள்ளின் கழுத்தில் ஈயத்தலை வார்த்து, ரப்பர் வால் மாட்டியதுதான் ஜிக். அமெரிக்காவில் ஏரிகளில் கிடைக்கும் சிறு மீன்களுக்கு இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். கையால் ஆட்டி இழுக்கும்போது சிறு மீனோ இறாலோ துள்ளுவதுபோல் தெரியும். ஆகவே ஓடும் இரையைத் துரத்தும் மீன்தான் இதில் சிக்கும். நம் பக்கத்தில் கொடுவா அப்படிப்பட்டது. விராலுக்கு ரப்பர் தவளை. பாசி மேயும் மீனுக்கு இதை விற்பது வீண்.

ஆழம் குறைந்த கால்வாய்க்கு எடை குறைந்த ஜிக் போதும். மெதுவாக இறங்கும், சேற்றில் புதையாது. நீரோட்டமும் ஆழமும் கூடினால் எடையும் கூடவேண்டும். கலங்கல் தண்ணீருக்குப் பளிச்சென்ற நிறம், தெளிந்த தண்ணீருக்கு இறால்போல மங்கிய நிறம். இந்த இரண்டு நிறமும் இருந்தால் போதும். பத்து நிறம் வாங்கிப் பணத்தை முடக்கவேண்டாம்.

நரம்பு

சிறு மீனுக்கு 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் நரம்பு. கொடுவா, விராலுக்கு 0.35-க்கு மேல். நைலான் நரம்பு வெயில் பட்டால் வலு இழக்கும். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கவிடுவது பார்க்க அழகு, ஆனால் மீன் இழுக்கும்போது அறுந்துவிடும். வசவு நமக்குத்தான் வரும். முடிச்சை எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து இறுக்கினால் அறாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

கவனிக்கவேண்டியவை

ஈயக்குண்டு நஞ்சு. அதைத் தொட்ட கையோடு அரிசி, பருப்பு நிறுக்கக் கூடாது. உணவுப் பொருள் நிறுக்கும் தராசில் ஈயத்தைப் போடவே கூடாது. குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்துகிற பழக்கம் சிறுவர்களிடம் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒரு சிறு குறடு இருந்தால் அந்த ஆபத்து இல்லை. நீர்ப்பறவைகள் குண்டை விழுங்கிச் சாவதால், பிரிட்டனில் சிறிய ஈயக்குண்டுகளை விற்க 1987-இலேயே தடை போட்டார்கள். எடைக்கு எஃகுக் குண்டு கிடைத்தால் அதையே வாங்கி வையுங்கள்.

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வனத்துறை விதிகள் செல்லும். எங்கே தூண்டில் போடலாம் என்று விசாரித்துக்கொண்டு போகும்படி வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டியது நம் கடமை. அறுந்த நரம்பைக் கரையில் போட்டால் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். சுருட்டி வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 8, 10, 12 எண் முள், இரண்டு கன நரம்பு, தக்கை, குண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஜிக்கும் தவளையும் கேட்டு வருகிறவர்களை எண்ணிப் பார்த்து, பிறகு எடுங்கள். பத்து ரூபாய் முள்ளை விவரம் சொல்லி விற்றால், அந்த ஆள் மாத மளிகைக்கும் நம்மிடமே வருவார். நான் கண்ட அனுபவம் இது.