தெரியுமா? மூன்று நிற நாடா ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும்!

சத்துணவு கிடைக்காமல் குழந்தையின் உயிர் ஆபத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை வேண்டாம், தராசுகூட வேண்டாம். பச்சை, மஞ்சள், சிவப்பு அச்சிட்ட ஒரு நாடா போதும்!

இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, தோள் முனைக்கும் முழங்கைக்கும் சரிபாதியில் நாடாவைச் சுற்ற வேண்டும். சதை அமுங்கக் கூடாது, நாடா தொளதொளக்கவும் கூடாது. 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே மஞ்சள். 11.5-க்கும் கீழே போனால் சிவப்பு, உடனே சிகிச்சை! ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுகோல்தான். எப்படி? ஒரு வயதுக்குப் பிறகு உயரம் மளமளவென்று கூடினாலும், ஐந்து வயதுவரை புஜத்தின் சுற்றளவு அவ்வளவாக மாறுவதில்லை!

நைஜர் நாட்டில் தாய்மார்களிடமே நாடாவைக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு இணையாக அவர்கள் அளந்து காட்டினார்கள். பெற்றவள் கண்ணுக்குத் தப்புமா?

சிகிச்சை இன்னும் ஆச்சரியம். முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? 1996-இல் பிரான்சில் ஆந்த்ரே பிரியான் என்ற குழந்தை மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்பவரும் வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள் சேர்த்து ஒரு விழுது செய்தார்கள். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி! தண்ணீர் கலக்காததால் கிருமி எளிதில் வளராது; அடுப்பும் வேண்டாம். 2005-இல் நைஜரில் பஞ்சம் வந்தபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்தது, பெரும்பாலோருக்கு வீட்டிலேயே! 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த முறையை ஏற்றன.

யாரை வீட்டுக்கு அனுப்பலாம்? அதற்கும் எளிய சோதனை: தாய் மடியிலேயே பிள்ளைக்கு விழுதைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆசையாகச் சாப்பிட்டு, வேறு சிக்கலும் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஆஸ்பத்திரிதான். அங்கே ரத்தசோகை இருந்தாலும் இரும்புச்சத்து மருந்தை உடனே தர மாட்டார்கள், தெரியுமா? ஆரம்பத்தில் அது நோய்த்தொற்றை மோசமாக்கிவிடும். பசி திரும்பி எடை ஏறத் தொடங்கிய பிறகே தருவார்கள்.

நாடா பச்சை காட்டினாலும் பாதங்களைப் பார்த்துவிடுங்கள். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நிற்கிறதா? அது கொழுகொழுப்பல்ல, நீர்க்கட்டு. அன்றைக்கே பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.