கைக்குழந்தையோடு சிறைக்குத் திரும்பிய அஞ்சலை அம்மாள்

தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் மணலூர்பேட்டைத் தென்பெண்ணை, கடலூருக்குப் பக்கத்தில்தான் கடலோடு கலக்கிறது நேயர்களே. அந்தக் கடலூர் முதுநகரில் 1890-இல் பிறந்தவர் அஞ்சலை அம்மாள். மணலூர்பேட்டையும் அன்று கடலூர் இருந்த அதே தென்னார்க்காடு மாவட்டம்தான்.

1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கியவன் ஆங்கிலத் தளபதி நீல். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்ற 1927-இல் நடந்த போராட்டத்தில் அஞ்சலை அம்மாள் தன் சிறுவயது மகளையும் அழைத்துக்கொண்டு இறங்கினார். தாயும் மகளும் கைதானார்கள். பத்து ஆண்டு கழித்து, 1937-இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததும் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே ஆண்டு தேர்தலில் வென்று அஞ்சலை அம்மாள் சட்டசபைக்குப் போனார்!

இதற்கிடையே உப்புச் சத்தியாகிரகம், மீண்டும் சிறை. நிறைமாத கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையில் இருந்தவரைப் பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பெற்று இரண்டே வாரத்தில், பச்சை உடம்போடு திரும்பவும் சிறை. எந்தத் தாய்க்கும் வரக்கூடாத கொடுமை அது. அந்த மகனுக்கு 'ஜெயில் வீரன்' என்றே பெயர் வழங்கியது.

இந்தியரைக் கேட்காமலே இந்தியாவை இரண்டாம் உலகப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து 1940-இல் தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்திலும் அவர் இருந்தார். காந்தியடிகள் அவரைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என்றார். 1946 தேர்தலிலும் வென்ற அஞ்சலை அம்மாள் 1961-இல் காலமானார்.