ஆனையிறவு: யானைகள் கடந்த வழி, படைகள் மறித்த வழி

ஆனையிறவு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது 1991, 2000, 2009 ஆகிய மூன்று ஆண்டுகள்தான். அந்த நிலத்தில் காவல் இருந்த கதை அதைவிட மிகப் பழையது.

முதலில் பெயர். யானைகள் இறந்துபோன இடம் என்று சிலர் பொருள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியல்ல. பழந்தமிழில் ‘இறத்தல்’ என்றால் கடத்தல். இறந்தகாலம் என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே சொல்தான். வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் ஆழமில்லாத இந்தக் களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றப்பட்டன. வன்னியர்கள் திறையாகக் கொடுத்ததும் யானைகளைத்தான். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான ‘கயிற்ஸ்’ கூட யானை இறங்குதுறை என்ற பொருளுள்ள போர்த்துக்கேயச் சொற்றொடரிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இந்த ஒடுங்கிய நிலத்தில் மூன்று சிறு கோட்டைகளை வைத்திருந்தார்கள்: பெஸ்குட்டர், பைல், எலிசபெத். ஆனையிறவில் இருந்தது பெஸ்குட்டர். ஒல்லாந்த மொழியில் அதற்குக் ‘காப்பவர்’ என்று பொருள். யாரை யாரிடமிருந்து காப்பது? வன்னியிலிருந்து வருவோரைக் கண்காணிப்பதும், போக்குவரத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருப்பதுமே அந்தக் காவலின் வேலை. பின்னர் பிரித்தானியர் காலத்தில் பயம் நீங்கியதும் கோட்டை வாடிவீடாக மாறியது. வீதியும் 1905இல் ரயில் பாதையும் வந்தன. உப்பளம் வந்தது. இரண்டு மூன்று தலைமுறை இந்த இடத்தை உப்பு விளையும் ஊராக மட்டுமே அறிந்திருந்தது.

சுதந்திரத்திற்குப் பின் இராணுவம் இங்கு முகாமிட்டது. போர் தொடங்கியதும் அது பெருந்தளமாக விரிந்தது. 1991 ஜூலையில் புலிகள் தளத்தை முற்றுகையிட்டார்கள். மறைவதற்கு மரமில்லாத வெட்டவெளி. முன்னேறியவர்கள் அங்கேயே விழுந்தார்கள். இராணுவம் வெற்றிலைக்கேணியில் தரையிறங்கித் தளத்தை மீட்டது. இருதரப்பிலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் செத்தார்கள்.

2000இல் நிலைமை வேறு. சுற்றிலும் நீர், ஆனால் குடிக்க முடியாத உவர்நீர். தளத்திற்கான நல்ல தண்ணீர் இயக்கச்சிப் பக்கத்திலிருந்தே வரவேண்டும். புலிகள் குடாரப்பில் தரையிறங்கி வீதியை மறித்து, பின்னர் இயக்கச்சியையும் பிடித்ததும், அவ்வளவு பீரங்கிகள் இருந்தும் தளத்தால் நிற்க முடியவில்லை. ஏப்ரல் 22இல் அது விழுந்தது. 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்திடம் போனது.

தளபதிகளின் கணக்கு இத்துடன் முடிகிறது. எங்கள் சனங்களின் கணக்கு வேறு. 1990இல் பாதை அடைபட்டபின் கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றில் நடந்தோம். அதுவும் அடைபட, கிளாலியில் இரவில் படகேறினோம். விளக்கில்லாத படகுகள். கடற்படையின் சூட்டில் எத்தனையோ பேர் அந்தக் களப்பிலேயே போனார்கள். இந்தப் பக்கத்திலும் லேசாக விடவில்லை. குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும், அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். ஒல்லாந்தர் செய்த அதே வேலை, வேறு கைகளில்.

இன்று ஏ9 வீதியில் போகிறவர்கள் அங்கே இரண்டு சின்னங்களைக் காணலாம். ஒன்று, 1991இல் புலிகளின் கவச புல்டோசரைத் தடுத்து உயிர்விட்ட சிப்பாய் காமினி குலரத்னவுக்கானது. அந்த இரும்பு வாகனமும் அங்கேயே நிற்கிறது. மற்றது இராணுவத்தின் வெற்றிச் சின்னம். தெற்கிலிருந்து பேருந்துகளில் வருபவர்கள் இறங்கிப் படமெடுக்கிறார்கள். தன் பிள்ளையை இழந்த சிங்களத் தாயொருத்தி அங்கே பூ வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அதே வெட்டையில் பிள்ளையை இழந்த பரந்தன் தாய்க்குப் பூ வைக்க ஓர் இடமில்லை என்பதுதான் என் பிரச்சினை. கிளாலிக் களப்பில் போனவர்களின் பெயர்களைச் சொல்லும் ஒரு பலகையைக்கூட அந்த வீதியில் நான் கண்டதில்லை.