புரட்டுவதும் திருத்துவதும்: கம்பிகளில் ஓடும் தகவல்

கைபேசியில் ஒரு புகைப்படத்தைத் தொட்டால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் திரையில் தோன்றுகிறது. அதற்குள் இலட்சக்கணக்கான பிட்கள் நினைவகத்திலிருந்து செயலிக்குப் பயணம் செய்து முடிக்கின்றன. அவை செல்லும் கம்பித் தொகுதிக்கு 'பஸ்' என்றே பெயர். எட்டுக் கம்பிகள் கொண்ட பஸ்ஸில் ஒரு தடவைக்கு எட்டுப் பிட்கள் அருகருகே செல்லும். ஒவ்வொன்றும் 0 அல்லது 1.

இந்தப் பயணத்தில் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று மின்செலவு, மற்றது வழு. இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் செலவு. உயர்தரப் பௌதிகவியலில் கொள்ளளவி பற்றிப் படிக்கிறோம். கொள்ளளவத்தை அழுத்த வேறுபாட்டின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதில் சேமிக்கப்படும் சக்தி வரும். பரீட்சைக்காக மனனம் செய்யும் இந்தச் சூத்திரம் நம் கைபேசிக்குள்ளும் வேலை செய்கிறது. பஸ்ஸின் ஒவ்வொரு கம்பியும் ஒரு சிறு கொள்ளளவி போன்றது. 0 இலிருந்து 1 ஆகும்போது அது ஏற்றம் பெறுகிறது. 1 இலிருந்து 0 ஆகும்போது அதை இழக்கிறது. மாறாமல் இருக்கும் கம்பியால் பெரிய செலவில்லை. ஆகவே இத்தகைய பஸ்ஸில் செலவைத் தீர்மானிப்பது எத்தனை கம்பிகள் மாறின என்பதே.

இதைக் குறைக்க மிர்சியா ஸ்டான், வெய்ன் பர்லசன் ஆகிய இருவரும் 1995 இல் ஓர் எளிய முறையை விளக்கினார்கள். எட்டுக் கம்பிகளோடு ஒன்பதாவதாக ஓர் அடையாளக் கம்பியைச் சேர்க்க வேண்டும். கம்பிகளில் இப்போது 00000000 இருக்கிறது, அடுத்து 11110111 செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே அனுப்பினால் ஏழு கம்பிகள் மாறும். எல்லாப் பிட்களையும் புரட்டி 00001000 என அனுப்பி, 'புரட்டியிருக்கிறேன்' என்று சொல்ல அடையாளக் கம்பியை 1 ஆக்கினால் மாறுபவை இரண்டே. இம்முறையில் ஒன்பது கம்பிகளில் ஒரு தடவைக்கு நான்குக்கு மேல் மாறவே மாறாது.

இனி வழு. சக்தியைச் சேமிக்க அழுத்தத்தைக் குறைத்தால் 0 இற்கும் 1 இற்கும் இடையிலான இடைவெளியும் குறுகும். பக்கத்துக் கம்பியின் மாற்றமோ வெளி இரைச்சலோ ஒரு பிட்டை எளிதில் மாற்றிவிடலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹமிங் 1950 இல் இதற்கு வழி காட்டினார். தரவோடு சில சரிபார்ப்புப் பிட்களையும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சரிபார்ப்புப் பிட்டும் தன் குழுவில் உள்ள 1 களின் எண்ணிக்கை இரட்டையாக இருக்கிறதா என்று காவல் காக்கும். எந்தெந்தக் குழுக்களில் கணக்குப் பிழைக்கிறது என்று பார்த்தாலே எந்தப் பிட் கெட்டது என்று தெரிந்துவிடும். அதைப் புரட்டினால் திருத்தம் முடிந்தது.

இரண்டையும் சேர்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மேலே பார்த்த உதாரணத்தில் அடையாளக் கம்பியின் 1 மட்டும் வழியில் 0 ஆகிவிட்டது என்று வையுங்கள். பெறும் பக்கம் 'புரட்டவில்லை' என்று நம்பி 00001000 என்றே எடுத்துக்கொள்ளும். உண்மையான 11110111 உடன் ஒப்பிட்டால் எட்டுப் பிட்களும் பிழை! ஒரு பிட் வழு எட்டாகிவிட்டது.

ஆகவே ஒழுங்கு முக்கியம். அனுப்பும் பக்கம் முதலில் புரட்ட வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு அடையாளப் பிட்டையும் சேர்த்து ஒன்பது பிட்களுக்கும் சரிபார்ப்புப் பிட்களைக் கணிக்க வேண்டும். பெறும் பக்கம் முதலில் திருத்தி, அதன் பிறகே புரட்டியதை மீட்க வேண்டும்.

அடையாளப் பிட்டைக் காப்பதற்கு மேலதிகக் கம்பி வேண்டுமா? வேண்டியதில்லை. நான்கு சரிபார்ப்புப் பிட்கள் 16 விதமான விடைகளைத் தரும். ஒன்று 'வழு இல்லை' என்பதற்கு. மீதி 15 உம் 15 இடங்களைச் சுட்டும். எட்டுத் தரவுப் பிட்களுக்கு 8 + 4 = 12 இடங்கள்; அடையாளப் பிட்டோடு 13. இரண்டுமே 15 இற்குள் அடங்குகின்றன. ஆனால் சரிபார்ப்புக் கம்பிகளும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. எனவே புரட்டிய வடிவம், புரட்டாத வடிவம் இரண்டுக்கும் 13 கம்பிகளின் மாற்றங்களையும் எண்ணி, குறைந்ததை அனுப்புவதே சிக்கனம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2012 இல் தரநிலை வெளியான டி.டி.ஆர். 4 நினைவகத்திலும் புரட்டும் வசதி உண்டு. அங்கே மின்னோட்டத்தைக் கூட்டுவது பூச்சியம் என்பதால், ஒரு பைட்டில் நான்குக்கு மேல் பூச்சியங்கள் இருந்தால் புரட்டுவார்கள். எழுதும்போது வழுவைக் கண்டுபிடிக்கும் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பையும் பயன்படுத்தலாம். அது தரவோடு புரட்டல் அடையாளப் பிட்களையும் சேர்த்தே காக்கிறது. அங்கே வழு திருத்தப்படுவதில்லை, கண்டுபிடிக்கப்படுகிறது. தரவை மீண்டும் அனுப்பலாம்.

சிக்கனமாக இருக்க ஒரு பிட்டைச் சேர்த்தோம். அந்த ஒரு பிட்டிலேயே எட்டுப் பிட்களின் உண்மையும் தங்கியிருந்தது. சிக்கனத்துக்கான வழியைத் தேடும்போதே அதைக் காப்பதற்கான வழியையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது. இதை விளங்கிக்கொள்ளக் கூட்டலும் ஒற்றை இரட்டையும் போதும். கணிதப் பிரிவுத் தோழிகள் மட்டுமன்றி, கலைப்பிரிவுத் தோழிகளும் பெற்றோரும்கூட ஒரு தாளில் எட்டுப் பிட்களை எழுதிப் புரட்டிப் பாருங்கள்.

– மாணவி, க.பொ.த. உயர்தரம், கணிதப் பிரிவு