இலவசக் கல்வியும் இணையத்தின் விலையும்

இலங்கையின் இலவசக் கல்வி பற்றிப் பேசுவோர் 1945ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். கன்னங்கராவின் சீர்திருத்தம் கட்டணத்தை நீக்கிற்று. ஆயினும், கட்டணம் நீங்கியதனால் மட்டும் கல்வி எல்லோர்க்கும் எட்டிவிடாது என்பதை அரசு காலப்போக்கில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடையும் இலவசமாயின. மாணவர் பருவச்சீட்டுக்கும் மானியம் கிடைத்தது. கற்பதற்கு வேண்டிய சாதனங்களும் கல்விச் செலவே என்னும் கோட்பாடு இவ்வாறு படிப்படியாக நிலைபெற்றது. இணையம் மட்டும் இக்கோட்பாட்டிற்குப் புறம்பாக நிற்பது ஏன் என்பதே இங்கு நோக்கற்பாலது.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகக் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழக மாணவர்க்கு ஓரளவு வழி திறந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பினூடாக நடைபெற்ற சூம் விரிவுரைகளையும், பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களையும் கட்டணமின்றி அணுக ஏற்பாடாயிற்று. இதன் தொழினுட்பம் எளியது. மாணவரின் கைப்பேசி எம்முகவரியோடு தொடர்புகொள்கிறது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் அறியும். அது குறித்த பட்டியலில் உள்ளதாயின் அத்தரவு கணக்கிற் சேராது. எனவே, இலவசமாக வழங்குவதற்குத் தொழினுட்பம் தடையன்று என்பது தெளிவு. ஆனால் அப்பட்டியலே எல்லையுமாயிற்று. விரிவுரையாளர் சுட்டிய ஆய்வுக் கட்டுரை பட்டியலுக்கு வெளியே இருந்தால் அதற்கு மாணவரே விலை கொடுக்க வேண்டியிருந்தது. விரிவுரையைக் கேட்பதற்கு உதவிய ஏற்பாடு, சுயமாகத் தேடிக் கற்பதற்கு உதவவில்லை. பல்கலைக்கழகக் கல்வியில் இரண்டாவதன் இடம் யாது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பாடசாலை மாணவரின் நிலை இதனினும் கடினமானது. கொழும்பிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொஹிட்டியாவ கிராமத்தில், 2021இல் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே 3 கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலையுச்சிப் பாறையொன்றை அடைந்தனர். இதனை விடாமுயற்சியின் சான்றாகப் பாராட்டியோர் உளர். கோபுரம் அமைப்பதன் இலாபத்தைக் கணக்கிட்டே அலைவரிசை கிராமத்திற்கு வருகிறது என்பதை அப்பாராட்டு மறைத்துவிடுகிறது.

சமிக்ஞை இருப்பினும் கருவி வேண்டும். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அண்மைக்கால அளவீடுகள், ஏறத்தாழ ஐந்து குடும்பங்களுள் ஒன்றே கணினி உடையதாகக் காட்டின. பெருந்தோட்டத் துறையில் இவ்விகிதம் மிகத் தாழ்ந்தது. ஆதலின் பெரும்பாலோர்க்குக் கைப்பேசியே கணினி. அதுவும் தந்தை வேலை முடிந்து திரும்பிய பின்னரே பிள்ளையின் கைக்கு வருவதுண்டு.

வீட்டு இணையப் பொதிகளின் அமைப்பும் கவனத்திற்குரியது. அவற்றுட் பல, எந்நேரமும் பயன்படுத்தும் தரவைக் குறைவாகவும் நள்ளிரவுக்குப் பின்னான தரவைத் தாராளமாகவும் வழங்குகின்றன. நிறுவன நோக்கில், நெரிசலற்ற நேரத்தின் மிகுதியை விற்பது நியாயமே. ஆயின் லயன் அறையொன்றில் குடும்பத்தோடு உறங்கும் மாணவி, அம்மிகுதியை நுகர வேண்டுமாயின் எல்லோரும் உறங்கும் வேளையில் விழித்திருக்க வேண்டும். விடிந்தால் அவளுக்குப் பாடசாலை.

2022 செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் உயர்ந்தன. பெறுமதி சேர் வரி அவ்வாண்டு யூனில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 சனவரியில் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. பாடநூலை இலவசமாக அச்சிட்டு வழங்கும் அரசே, அப்பாடத்திற்குத் துணையாக மாணவர் வாங்கும் தரவின்மீது வரி அறவிடுகிறது. மாணவர் பதிவெண்ணோடு இணைந்த மாதாந்தத் தரவு ஒதுக்கீடொன்றை, முகவரிப் பட்டியலின் கட்டுப்பாடின்றி, பருவச்சீட்டைப் போன்றே மானியமாக வழங்குவதற்குப் புதிய நிருவாக இயந்திரம் எதுவும் தேவைப்படாது. பதிவேடுகள் முன்னரே உள்ளன.