காதுக்கு எட்டாத நாதம்

விளாத்திகுளம் என்றதும் சங்கீதப் பிரியர்களுக்கு நல்லப்ப சுவாமிகள்தான் நினைவுக்கு வருவார். கரகரப்பிரியாவை மணிக்கணக்கில் ஆலாபனை செய்தவர் அவர். ஆனால் அந்தக் கரிசல் சீமையின் கர்ப்பிணிகளுக்கு இன்று உயிர்த்துணையாக இருக்கும் ஒலி, சுவாமிகளின் செவிக்கும் எட்டியிராது! நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஸ்கேன் யந்திரத்தின் ஒலிக்கோ பல லட்சம் அதிர்வு.

இது எக்ஸ்ரே அல்ல. வயிற்றுக்குள் சென்று எதிரொலித்துத் திரும்பும் ஒலியையே யந்திரம் படமாகக் காட்டுகிறது. உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு சோதனைகள் செய்த கிளாஸ்கோ டாக்டர் இயான் டொனால்டு, 1958-ல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

"வாந்தியில்லை, மயக்கமில்லை, எனக்கு ஸ்கேன் எதற்கு?" என்கிறீர்களா? வம்பே அங்கேதான்! குழந்தைக்கு உணவூட்டும் நஞ்சு, சிலருக்குக் கருப்பையின் வாயை மறைத்துக் கீழே அமர்ந்துவிடும். வலி தெரியாது. கடைசி மாதங்களில் ஒருநாள் திடீரென்று உதிரம் கொட்டும். பட்டணத்தில் என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில். ஆனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கமாயிற்றே! அந்த வீடு பருத்திக்காட்டுக்கு நடுவே இருந்தால், நடுநிசியில் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ ஓட வேண்டும். முன்பே தெரிந்தாலோ, ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் வசதியுள்ள இடத்தில் நாள் குறித்துப் போய் இருக்கலாம். ஐந்தாம் மாதத்தில் கீழே தெரியும் நஞ்சு பெரும்பாலும் பிறகு மேலேறிவிடும். கலங்காமல், டாக்டர் சொன்ன நாளில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாத ஸ்கேன் பிரசவ நாளைக் கணிக்க உதவும். "சிவராத்திரிக்கு முந்தின வாரம் குளித்தேன்" என்ற கணக்கு எத்தனை நாள் தப்புமோ! 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பதில் இருதயம், முதுகெலும்பு, கைகால் எல்லாம் பார்ப்பார்கள். எல்லாக் குறையும் அதில் அகப்பட்டுவிடாது. ஆயினும் சிலவற்றை அப்போதே அறிந்தால், பிறந்தவுடன் வைத்தியம் செய்யத் தக்க ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைக்கும். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது அவசியம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை.

ஆணா, பெண்ணா என்று மட்டும் டாக்டரிடம் கேட்காதீர்கள். 1994-ம் வருஷச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். மாமியார் எவ்வளவு துருவினாலும் சரி!

வளைகாப்பு முடிந்து புறப்படும்போது ஸ்கேன் காகிதங்களை மறந்துவிடாதீர்கள். புடவைகளுக்கு அடியில் அல்ல, கைப்பையில், எடுத்தவுடன் கிடைக்கும்படி வையுங்கள்.